கொழும்பிலிருந்து வெளிநாட்டுப் பதிப்பகம் வரை: பலகை விளையாட்டு வடிவமைக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பலகை விளையாட்டு வடிவமைப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். மேசையில் உட்கார்ந்து அட்டை வெட்டுவார், எழுதுவார், கிழித்துப் போடுவார், மறுபடி வெட்டுவார். ஆனால் அந்த விளையாட்டை வாங்கி அச்சிட்டு உலகம் முழுவதும் விற்கக்கூடிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் வட அமெரிக்காவிலுமே இருக்கின்றன. ஆகவே கொழும்பில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், சென்னையிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து இங்கே குடியேறியவராக இருந்தாலும், இந்தத் தொழிலைப் பொறுத்தவரை அவர் தூரதேசத்தில் வாழ்பவர்தான். பதிப்பாசிரியரை ஒரு மாலை நேரத்தில் நேரே சந்தித்து, "இப்படி விளையாட வேண்டும்" என்று அவருக்குக் காட்டும் வசதி நமக்கு இல்லை. நாம் அருகில் இல்லாத வேளையிலும் நமது விளையாட்டு தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இங்கிருந்து வடிவமைப்பவருக்கு முதல் நிபந்தனை. இக்கட்டுரையில் சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த நிபந்தனையிலிருந்து பிறந்தவையே.

தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் தெரிந்திருப்பது நல்லது. ஜேர்மனியில் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது 1979 முதல் வழங்கப்படுகிறது. எஸன் நகரில் ஒவ்வோர் ஒக்டோபரிலும் நடைபெறும் விளையாட்டுக் கண்காட்சி 1983 இல் தொடங்கியது. பல்வைத்தியத் தொழினுட்பவியலாளராக வேலை செய்துகொண்டிருந்த கிளவுஸ் டொய்பர் வடிவமைத்த 'கற்றான்' 1995 இல் வெளிவந்த பிறகு இந்த வகை விளையாட்டுகள் ஜேர்மனிக்கு வெளியிலும் பரவலாக விற்கத் தொடங்கின. இவை எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது 1988 இல் நூரன்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் நடந்த ஒரு சம்பவம். பெட்டியின் மேல் தமது பெயரை அச்சிடாத பதிப்பகத்துக்கு இனி விளையாட்டுத் தர மாட்டோம் என்று சில வடிவமைப்பாளர்கள் பியர் கோப்பையின் கீழ் வைக்கும் ஓர் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். 1991 இல் உருவான விளையாட்டு ஆசிரியர்களின் சங்கத்துக்கு வித்திட்டது அந்த அட்டைதான். வடிவமைப்பாளரை அங்கே 'ஆசிரியர்' என்றே அழைக்கிறார்கள்.

முதல் படி: சிறிதாகத் தொடங்குதல்

புதிதாக வருபவர்களில் பலர் பெரிய வரைபடம், நூற்றுக்கணக்கான காய்கள், மூன்று மணி நேர ஆட்டம் என்றே தொடங்குகிறார்கள். கொழும்பில் இருப்பவருக்கு இது இரட்டைச் சுமை. மாதிரியைச் செய்யவும் செலவு, அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் செலவு. அதைவிட, மூன்று மணி நேர ஆட்டத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். முதல் விளையாட்டை ஒரு சீட்டுக்கட்டின் அளவுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். அச்சகங்கள் சீட்டுகளைப் பெரும்பாலும் 54 அல்லது 55 அடங்கிய ஒரே பெரிய தாளாக அச்சிடுவதால், 54 சீட்டுகளுக்குள் முடியும் விளையாட்டு பதிப்பகத்தின் செலவுக் கணக்கிலும் இலகுவாகப் பொருந்தும். 56 சீட்டுகள் தேவைப்பட்டால் இரண்டைக் குறைக்க வழி தேடுங்கள்; பெரும்பாலும் வழி இருக்கும்.

இரண்டாவது தெரிவு மொழி. சீட்டில் வாசகம் எதுவும் இல்லாமல் குறியீடுகளாலேயே இயங்கும் விளையாட்டுக்குப் பதிப்பகங்களிடம் எப்போதும் மதிப்பு உண்டு. ஜேர்மன், பிரெஞ்சு, போலிஷ் பதிப்புகளுக்கு ஒரே சீட்டுகளை ஒன்றாக அச்சிட்டு, விதிப்புத்தகத்தையும் பெட்டியையும் மட்டும் மாற்றினால் போதும் என்பதால் அச்சுச் செலவு இறங்குகிறது. கொழும்பில் வாழ்பவர் இதை ஒரு குறையாக அல்ல, கையில் உள்ள கருவியாகப் பார்க்கலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிக்காரரும் ஒரே மேசையில் அமரும் நகரம் இது. ஒரு குறியீட்டை மூவரும் கேள்வி கேட்காமல் புரிந்துகொண்டால் அது வார்சோவிலும் புரியும். நிறத்தை மட்டும் நம்பியும் குறியீடு அமைக்கக் கூடாது. ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. நிறத்தோடு ஒரு வடிவமும் சேர்ந்தே வர வேண்டும்.

கருப்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வடிவமைக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது தேயிலைத் தோட்டம், அடுத்தது கறுவா, அதற்கடுத்து யானை. வெளிநாட்டவரும் நமது தீவைப் பெரும்பாலும் இவற்றின் வழியாகவே பார்க்கிறார்கள் என்பதால், அந்தப் பாதையில் போட்டி அதிகம். புறக்கோட்டையில் பொருள் இறக்கும் நாட்டாமைகளின் காலைநேரம், காலி வீதியில் பந்தயம் ஓட்டும் தனியார் பேருந்துகள், திருமண மண்டபத்தில் முதல் பந்திக்கு இடம் பிடித்தல் என்பவை இங்கு வாழ்பவருக்கு மட்டுமே உள்ளும் புறமும் தெரிந்தவை. எனினும் கருப்பொருளோடு காதல் கொண்டுவிட வேண்டாம். பதிப்பகம் அதை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உங்கள் பேருந்துகள் விண்கலங்களாக வெளிவரலாம்.

நமது பழைய விளையாட்டுகளைப் படிப்பது பொழுதுபோக்கல்ல, பயிற்சி. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் விளையாடப்பட்டு வந்த 304 என்ற சீட்டு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, இராசா 3, இராணி 2. ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நான்கு இனங்களுக்கு 304. பெயரே மொத்தப் புள்ளிக் கணக்கு. ஆட்டத்தின் அரைவாசிச் சுவாரசியம் துரும்பு எது என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதில் இருக்கிறது. மறைந்திருக்கும் ஒரு தகவல் மற்ற மூவரின் ஒவ்வொரு முடிவையும் எப்படித் திருப்புகிறது என்பதை இதைவிடக் குறைந்த பொருட்களால் கற்பிக்கும் விளையாட்டு அரிது. அதுபோலவே சிங்களக் குடும்பங்களில் சித்திரைப் புத்தாண்டில் சோழிகளை உருட்டி ஆடப்படும் பஞ்ச விளையாட்டையும், நமது பல்லாங்குழிக்கு உறவான ஒலிந்த கெலியவையும் கேட்டு விளையாடிப் பாருங்கள். நவீன விளையாட்டுகளை இங்கே விலை கொடுத்து வாங்குவது எல்லோராலும் முடியாது. போட் கேம் அரீனா என்ற இணையத்தளத்தில் ஏராளமானவற்றை இலவசமாக ஆடிப் பழகலாம். போட் கேம் கீக் தளத்தில் அவற்றின் விதிப்புத்தகங்களை வாசிக்கலாம். விளையாடாமல் விதிப்புத்தகத்தை மட்டும் வாசிப்பதும் பயனுள்ள பழக்கமே.

இரண்டாம் படி: மாதிரி செய்தல்

முதல் மாதிரி அழகாக இருக்கக் கூடாது. அழகாகச் செய்துவிட்டால் மாற்ற மனம் வராது. பழைய விசிட்டிங் காட்டுகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி ஆடத் தொடங்குங்கள். விளையாட்டு உயிர்பெறுகிறது என்று தெரிந்த பிறகே அச்சிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சீட்டின் வழக்கமான அளவு 63 க்கு 88 மில்லிமீற்றர். ஓர் ஏ4 தாளில் ஒன்பது சீட்டுகள் அடங்கும். ஆகவே 54 சீட்டுகளுக்கு ஆறு தாள்கள். அவற்றைச் சாதாரணக் கடதாசியிலேயே அச்சிட்டு வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய விளையாட்டுச் சீட்டோடு சேர்த்துச் செருகிவிடுவதே எல்லோரும் பின்பற்றும் முறை. ஒரு சீட்டை மாற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும் கடதாசியை மட்டும் மாற்றினால் போதும். பசை போட்டு ஒட்டுவதைத் தவிருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பசை காய்ந்த பக்கமும் காயாத பக்கமும் வெவ்வேறாக இழுபட்டு, காலையில் தட்டையாக இருந்த சீட்டு மாலைக்குள் வாழையிலைபோலச் சுருண்டுவிடும். உறையில்லாத சீட்டுகளை வைத்திருப்பதானால் இறுக்கமாக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு வையுங்கள்.

பொருட்களுக்குப் புறக்கோட்டையே போதும். மலிபன் வீதியிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் உள்ள கடதாசிக் கடைகளில் தடித்த ஆர்ட் அட்டையும், புத்தகம் கட்டப் பயன்படும் சாம்பல் நிற அட்டையும் வாங்கலாம். இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள சாம்பல் அட்டை பலகைக்கும் சிறு வட்ட வில்லைகளுக்கும் பொருத்தமானது. காய்களுக்குச் சட்டைப் பொத்தான்களும் மணிகளும் போதும். குறுக்குத் தெருக்களில் அவை கிலோக் கணக்கில் விற்கப்படுகின்றன. சோழியும் மஞ்சாடியும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குன்றிமணியை மட்டும் எடுக்க வேண்டாம். ஒலிந்த கெலியவில் மரபாகப் பயன்படுவது அதுதான் என்றாலும், உடைந்த விதைக்குள் இருப்பது கொடிய நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், ஐரோப்பாவுக்கு அனுப்பும் பொதிக்கும் அது உகந்ததல்ல.

சீட்டுகளின் விபரங்களை முதலிலிருந்தே ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு சீட்டு. நான்டெக் என்ற இலவச மென்பொருள் அந்த அட்டவணையை வாசித்து, சீட்டுகள் அனைத்தையும் அச்சிடத் தயாரான தாள்களாக மாற்றிவிடும். விலையையோ புள்ளியையோ மாற்றும்போது ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை.

மூன்றாம் படி: மேசைச் சோதனை

முதலில் தனியாக, நான்கு பேரின் கையையும் நீங்களே பிடித்து ஆடுங்கள். பிறகு நெருங்கியவர்களோடு. அதன் பின்னர் உங்களைத் தெரியாதவர்களோடு. இந்த மூன்றாவது வட்டத்துக்குப் போகாமல் நின்றுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. காரணம், மாமாவின் மகனும் அலுவலகத் தோழியும் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது உங்களைப் பற்றியே தவிர விளையாட்டைப் பற்றியல்ல. ஆட்டம் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது?", "எப்போது வெற்றி யாருக்கு என்று தெரிந்துவிட்டது?" என்று கேளுங்கள். மரியாதைக்காகப் பொய் சொல்ல முடியாத கேள்விகள் இவை.

ஆட்களைச் சேர்க்கப் போயா தினம் மிகவும் ஏற்றது. மாதம் ஒருமுறை தவறாமல் வரும் விடுமுறை. பெரும்பாலான அலுவலகங்கள் மூடியிருக்கும். கொண்டாட்டக் கடமைகளும் குறைவு. சித்திரைப் புத்தாண்டு காலத்தில் நகரமே காலியாகிவிடும் என்பதால் கொழும்பில் அப்போது சோதனை வைக்க முயல்வது வீண். ஊருக்குப் போகும்போது மாதிரியையும் கையோடு கொண்டு போங்கள். அங்கே மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

வெளிநாட்டவரோடு சோதிக்க விரும்பினால் டேபிள்டொப் சிமுலேட்டர், ஸ்கிரீன்டொப் போன்ற, இணையவழியே ஒரே மேசையில் ஆடவிடும் மென்பொருட்கள் இருக்கின்றன. நேர வித்தியாசத்தை மனத்தில் கொள்ளுங்கள். ஜேர்மனியில் மாலை ஏழு மணி என்பது அவர்களின் கோடைகாலத்தில் நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. நியூயோர்க்கின் கோடைகால இரவு எட்டு மணி நமக்கு மறுநாள் அதிகாலை ஐந்தரை. காலையில் எழும்பக்கூடியவர்களுக்கு அமெரிக்கக் குழுக்களே சுகம். வேலைக்குப் போவதற்கு முன் ஓர் ஆட்டம் முடித்துவிடலாம்.

நான்காம் படி: விதிப்புத்தகமும் கண்மூடிச் சோதனையும்

இக்கட்டுரையில் ஒரு படியை மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எஸனிலோ பாரிஸிலோ வாழும் வடிவமைப்பாளரின் விதிப்புத்தகம் சுமாராக இருந்தாலும் அவர் நேரில் போய் விளக்கிவிடுவார். உங்கள் பொதி ஒரு வெளிநாட்டு அலுவலகத்தின் மேசையில், உங்களைப் பார்த்திராத மூன்று பேரின் முன்னால் திறக்கப்படும். அவர்கள் ஒரு விதியைத் தவறாக விளங்கிக்கொண்டால், தவறான விளையாட்டை ஆடிப் பார்த்து, அந்தத் தவறான விளையாட்டு நன்றாக இல்லை என்று முடிவு செய்து பெட்டியை மூடிவிடுவார்கள். ஏன் மறுத்தார்கள் என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியவராது.

கண்மூடிச் சோதனை என்பது இதுதான்: விளையாட்டை இதற்கு முன் பார்த்திராதவர்களிடம் மூடிய பெட்டியைக் கொடுத்துவிட்டு, அறையின் மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது. கேள்வி கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது; கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் நான் பார்த்த ஒரு சோதனையை உதாரணமாகச் சொல்லலாம். பிடி எடுக்கும் வகையைச் சேர்ந்த, அதாவது ஆளுக்கொரு சீட்டுப் போட்டு, வென்றவர் அவற்றை எடுத்துக்கொள்ளும் ஒரு சீட்டு விளையாட்டு. எந்த இனத்தைப் போட்டாலும் செல்லும் என்பதே அதன் விதி. ஆனால் விதிப்புத்தகம் "ஒரு சீட்டைப் போடவும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. மேசையில் இருந்த நால்வரும் சிறுவயதிலிருந்து 304 ஆடியவர்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. முதலில் போடப்பட்ட இனத்தையே நால்வரும் பின்தொடர்ந்து போட்டார்கள். ஒரு சுற்று முழுவதும் அப்படியே ஓடியது. வடிவமைத்தவரின் கை பேனாவை இறுக்கிப் பிடித்திருந்ததே தவிர அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த வரி, "கையிலுள்ள எந்தச் சீட்டையும் போடலாம், முதலில் போடப்பட்ட இனத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை" என்று மாறியது.

விதிப்புத்தகம் விட்ட இடைவெளியை விளையாடுபவர் தமது பழைய பழக்கத்தால் நிரப்பிக்கொள்வார். இங்கே 304, ஜேர்மனியில் வேறொன்று, அமெரிக்காவில் இன்னொன்று. ஆகவே அனுமதிப்பதைச் சொல்வதோடு, தடை இல்லாததையும் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. குறிப்பாக இவற்றைப் பாருங்கள்: சீட்டுக்கட்டு தீர்ந்தால் என்ன, புள்ளிகள் சமனானால் என்ன, கையில் சீட்டே இல்லாதவர் தம் முறையில் என்ன செய்வார், ஒரே நேரத்தில் இரண்டு விளைவுகள் நேர்ந்தால் எது முதலில். வரிசையும் முக்கியம். விளையாட்டின் நோக்கம், பெட்டியில் உள்ள பொருட்கள், மேசையை ஒழுங்குபடுத்தும் விதம் (படத்தோடு), ஒரு முறையில் செய்ய வேண்டியவை, ஆட்டம் முடியும் நிலை, புள்ளிக் கணக்கு என்ற ஒழுங்கை வாசகர் எதிர்பார்க்கிறார். புதுமை காட்ட வேண்டிய இடம் இதுவல்ல. ஒரு பொருளுக்கு முதற்பக்கத்தில் கொடுத்த பெயரையே கடைசிப் பக்கம் வரை பயன்படுத்துங்கள். 'வில்லை' என்று தொடங்கி நடுவில் 'நாணயம்' என்று எழுதினால், வாசிப்பவர் இரண்டு வெவ்வேறு பொருட்களைத் தேடுவார்.

பதிப்பகத்துக்குப் போவது ஆங்கில விதிப்புத்தகம்தான். எனினும் தமிழில் ஒரு பிரதியை எழுதி, ஆங்கிலப் பிரதியோடு ஒரு குழுவுக்கும் தமிழ்ப் பிரதியோடு இன்னொரு குழுவுக்கும் கொடுத்துப் பாருங்கள். இரு குழுக்களும் ஒரே இடத்தில் தடுமாறினால் பிரச்சினை விளையாட்டில் இருக்கிறது. ஒரு குழு மட்டும் தடுமாறினால் பிரச்சினை எழுத்தில். ஒரே மொழி பேசும் ஊரில் வாழும் வடிவமைப்பாளருக்கு இந்தச் சோதனை எளிதில் வாய்க்காது.

ஐந்தாம் படி: பதிப்பகத்தை அணுகுதல்

அனுப்ப வேண்டியவை மூன்று: ஒரு பக்க அறிமுகத் தாள், இரண்டு மூன்று நிமிடக் காணொளி, விதிப்புத்தகம். அறிமுகத் தாளில் விளையாட்டின் பெயர், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வயது, பெட்டியில் என்னென்ன, இதில் என்ன புதியது ஆகியவை இருக்க வேண்டும். புதியது எது என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்ல முடியாவிட்டால், தாளைத் திருத்துவதை விட்டு விளையாட்டைத் திருத்துங்கள். காணொளியில் உங்கள் முகம் தேவையில்லை. மேலிருந்து மேசையைக் காட்டி, ஒரு முறையை ஆடிக் காட்டினால் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஒலிக்காகவும் சீட்டுகளுக்காகவும்.

ஒவ்வொரு பதிப்பகத்தின் இணையத்தளத்திலும் வெளியாட்களின் விளையாட்டுகளை ஏற்பார்களா, எப்படி அனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதை வாசிக்காமல் ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்புவது நேர விரயம். அவர்கள் கடைசியாக வெளியிட்ட விளையாட்டுகளைப் பார்த்து, உங்களுடையது அந்த வரிசையில் எங்கே பொருந்தும் என்று ஒரு வரி எழுதுங்கள். எண்ணத்தைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் இங்கே அதிகம். இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்டு மின்னஞ்சலைத் தொடங்குபவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் பெரும்பாலானோர் பதிலே எழுத மாட்டார்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஏனைய நாடுகளின் சட்டங்களைப் போல எண்ணத்தைப் பாதுகாப்பதில்லை. எழுதப்பட்ட விதிகளையும் வரையப்பட்ட படங்களையுமே பாதுகாக்கிறது. அதற்குப் பதிவும் தேவையில்லை.

எஸன் கண்காட்சிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வருகிறார்கள். நான்கு நாட்கள், வியாழன் முதல் ஞாயிறு வரை. போகாமலே விளையாட்டை விற்க முடியும். ஆனால் வசதி கிடைத்தால் ஒருமுறை போய்வருவது பயனுள்ளது. பதிப்பாசிரியர்களின் நேரம் கண்காட்சிக்குப் பல வாரங்களுக்கு முன்னரே நிரம்பிவிடும் என்பதால், சந்திப்புகளை ஓகஸ்ட் மாதத்திலேயே கேட்டு எழுத வேண்டும். ஷெங்கன் வீசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ ஈடு தரும் பயணக் காப்புறுதி கட்டாயம். எஸன் அமைந்துள்ள மாநிலத்தில்தான், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹம் நகரமும் இருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு அந்தப் பகுதியில் சித்தப்பாவோ ஒன்றுவிட்ட அக்காவோ இருப்பார்கள். அவர்கள் தமது நகரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையொப்பமிட்டுத் தரும் பொறுப்பேற்புப் பத்திரம் வீசா விண்ணப்பத்துக்கு உதவும். தங்குமிடச் செலவும் மிச்சம். அக்கா வீட்டில் ஒரு மாதிரியை விட்டுவிட்டு வந்தால், பின்னர் யாராவது பெட்டியைக் கேட்கும்போது கொழும்பிலிருந்து கூரியருக்குக் கொடுக்கும் தொகையின் சிறு பகுதியில் ஜேர்மன் தபாலில் போய்ச் சேரும்.

கொழும்பிலிருந்தே அனுப்ப நேர்ந்தால், சுங்கப் படிவத்தில் 'கையால் செய்த விளையாட்டு மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்று தெளிவாக எழுதுங்கள். 'கேம்' என்று மட்டும் எழுதினால் யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். திறந்தவர் சீட்டுகளை அதே வரிசையில் அடுக்கி வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பதில் வர மாதக் கணக்கில் ஆகும். ஏற்றுக்கொண்ட பின்னும் பெட்டி கடைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது வழக்கம். பதிப்பகத்தை ஒதுக்கிவிட்டு நாமே நிதி திரட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையத்தளமான கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வெளிநாட்டில் நிறுவனமோ, அங்கு வாழும் பங்காளியோ இருந்தால்தான் அந்த வழி. அச்சு, கப்பல், வரி, ஆயிரம் வீடுகளுக்குப் பொதி அனுப்புதல் எல்லாம் அந்தப் பங்காளியின் தலையில் விழும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தமும் பணமும்

வடிவமைப்பாளருக்குக் கிடைப்பது உரிமைத்தொகை. பொதுவாக ஐந்து முதல் பத்து வீதம். எதன் மீது வீதம் என்பதே கேள்வி. கடையில் 40 டொலருக்கு விற்கும் பெட்டியை விநியோகத்தர் பதிப்பகத்திடமிருந்து ஏறத்தாழ 40 வீத விலைக்கு, அதாவது 16 டொலருக்கு வாங்குகிறார். பதிப்பகத்தின் வருமானத்தில் ஆறு வீதம் என்று ஒப்பந்தம் சொன்னால் உங்களுக்குப் பெட்டிக்கு 96 சதம். முதல் அச்சில் 3,000 பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தால் 2,880 டொலர். மூன்று ஆண்டு காத்திருப்புக்கு இதுதான் கூலி என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டவர்கள் பகல் வேலையை விடுவதில்லை. விடவும் வேண்டாம்.

கையொப்பமிடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையொப்பமிடக் கூடாது. முற்பணம் திருப்பித் தர வேண்டியதில்லாததாக இருக்க வேண்டும். வேறு மொழிப் பதிப்புகளுக்கு உரிமை விற்றால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் மேல் பெயர் வேண்டும். தமிழ், சிங்களப் பதிப்புகளின் உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளக் கேளுங்கள். அவர்களுக்கு அதனால் இழப்பில்லை என்பதால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

அமெரிக்கப் பதிப்பகம் வெளிநாட்டவருக்குச் செலுத்தும் உரிமைத்தொகையில் சாதாரணமாக 30 வீதத்தை வரியாகப் பிடித்துவைக்கும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், வெளிநாட்டவருக்கான டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஜேர்மனியில் பிடித்தம், மேலதிகக் கட்டணத்தோடு சேர்த்து 15.825 வீதம். அந்நாட்டோடும் ஒப்பந்தம் உண்டு. ஆனால் சலுகை பெற, நீங்கள் இங்கே வரி வதிவாளர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். இவற்றை ஒப்பந்தம் பேசும் காலத்திலேயே தொடங்குங்கள். பணம் வந்த பிறகு ஓடினால், பிடித்த தொகையைத் திரும்பப் பெறுவது பெரிய அலைச்சல். பணத்தை வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறந்து நேரடி வங்கி மாற்றாகப் பெறுவதே சிக்கலற்றது. சிறு தொகைகளை வங்கிக் கட்டணம் விழுங்கிவிடும் என்பதால், கணக்கை ஆண்டுக்கு இருமுறை முடித்து அனுப்பச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆசிரியர் பிரதிகள். வழக்கமாகப் பத்துப் பெட்டிகள் அளவில் இலவசமாகத் தருவார்கள். அவற்றைக் கொழும்புக்கு நேரே அனுப்பச் சொன்னால், இலவசமாக வந்த பெட்டிக்கும் அதன் கடை விலையை வைத்து இறக்குமதி வரி கணக்கிடப்படலாம். பத்துப் பெட்டிகள் ஒன்றாக வந்தால் வியாபாரத்துக்காக வந்தவை என்ற கேள்வியும் எழலாம். பதிப்பகம் 'இலவசப் பிரதி' என்று விலைப்பட்டியலில் எழுதி, அச்சுச் செலவை மட்டும் பெறுமதியாகக் காட்டி, இரண்டு பெட்டிகளை மட்டும் இங்கே அனுப்பட்டும். மீதி எட்டும் ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகட்டும். விடுமுறைக்கு வருபவர்கள் ஆளுக்கொன்றாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள்.